மந்திரக் கிராணி

தியானம் செய்து பக்கத்தில் இருந்தவனைப் பெஞ்சிலிருந்து கீழே விழவைத்த மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் மந்திரக் கிராணி. விழுந்தவன் நான்.

எனக்குத் தியானம் கியானம் எதிலும் நம்பிக்கை கிடையாது. இப்போது எவனைப் பார்த்தாலும் பாயைச் சுருட்டிக்கொண்டு மனசை அடக்கக் கிளம்பிவிடுகிறான். வாயை அடக்கத் தெரியாதவன் மனசை அடக்கப் போகிறானாம். பார்க்கவே அலுப்பாக இருக்கிறது. ஆனால் கிராணியை மட்டும் என்னால் அப்படி ஒதுக்கிவிட முடியவில்லை.

மலாயாவுக்குச் சுதந்திரம் வருவதற்குச் சற்று முந்திய காலம். மலாக்காவில் தெங்கேரா பக்கம் ஒரு பஸ் கம்பெனிப் பட்டறையில் நான் ஃபிட்டர். அவர் அங்கே ஸ்டோர் கிராணி, அதாவது குமாஸ்தா. காஜா பேராங்கில் செட்டிகள் வாழும் கம்பத்து, அதாவது கிராமத்து, ஆள். நெற்றியில் திருநீறு பளிச்சென்று இருக்கும், வாயைத் திறந்தால் மலாய் வரும். மலாக்கா செட்டிகளுக்குப் பரம்பரையாக அப்படித்தான். தமிழில் அவருக்குத் தெரிந்ததெல்லாம் சாமி பெயர்களும் பலகாரப் பெயர்களும்தான். என்னிடம் அவர் மலாயில் பேசியதைத்தான் இங்கே தமிழில் போடுகிறேன். ஆள் நல்ல பருமன். இரண்டு பேர் இடத்தில் ஒருவராக உட்காருவார்.

அவருக்கு ஒரு வியாதி இருந்தது. காலையில் ஏற்றிய விளக்கை அணைத்தோமா இல்லையா என்று சந்தேகம் வந்துவிடும். போட்டது போட்டபடி சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடுவார். விளக்கு அணைந்துதான் இருக்கும். திரும்பி வந்து பட்டறைச் சுவரில் சைக்கிளைச் சாத்தும்போதே மறுபடி சந்தேகம். சாத்தாமலே திரும்புவார். ஸ்டோர் சாவியோ அவர் இடுப்பில். எங்களுக்கு ஒரு போல்ட் வேண்டுமென்றால் காஜா பேராங்குக்கு ஆள் அனுப்ப வேண்டும்.

மேனேஜர் வெள்ளைக்காரன். இன்னொரு தடவை ஓடினால் ஒரேயடியாக வீட்டோடு இருந்துகொள் என்று சொல்லிவிட்டான்.

நாங்கள் சிரித்தோம். காரணம் தெரிந்த பிறகு நான் சிரிக்கவில்லை. ஜப்பான்காரன் காலத்தில் அவர் அணைக்க மறந்த ஒரு விளக்கினால் வீடு பற்றிக்கொண்டது. உள்ளே அவருடைய தங்கை தூங்கிக்கொண்டிருந்தாள்.

அந்தச் சமயத்தில்தான் தமிழ்நாட்டிலிருந்து ஒரு சாமியார் வந்து கோயிலில் தங்கினார். மனசு அடங்க மந்திரம் கொடுக்கிறார் என்றார்கள். கிராணியும் வரிசையில் நின்று வாங்கிவந்தார். அதன்பின் ஆளே வேறு. சந்தேகம் வந்தால் கண்ணை மூடிக்கொள்வார். உதடு மட்டும் அசையும். சைக்கிள் நின்ற இடத்திலேயே நிற்கும்.

"என்ன கிராணி, தியானமா?"

"தியானம்னா தியாம்தானே? வாய மூடிக்கிட்டு வேலையப் பாரு."

தியாம் என்றால் மலாயில் சத்தம் போடாதே என்று அர்த்தம். அவருக்கு இரண்டும் ஒரே சொல். மந்திரத்தை மட்டும் சொல்லவே மாட்டார். வெளியே சொன்னால் பலிக்காதாம்.

ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரித்தேன். அன்றைக்கு விளக்கு அவரை ரொம்பப் படுத்தியிருக்க வேண்டும். மூடிய கண்ணோடு, சத்தமாகவே வந்துவிட்டது.

"தல்லி உக்காரு."

நகர்ந்தேன்.

"தல்லி உக்காரு."

இன்னும் நகர்ந்தேன்.

"தல்லி உக்காரு."

விழுந்தேன். சோறு மண்ணில்.

"யோவ்! ஒனக்கு முழு பெஞ்சும் வேணுமா?" என்று கத்தினேன்.

கிராணி திடுக்கிட்டுக் கண்ணைத் திறந்தார். "கேட்டுட்டியா? யார்கிட்டயும் சொல்லாதலா. அதான் என் மந்திரம்."

சாமியார் எப்படிக் கொடுத்தார் என்று விசாரித்தேன்.

"காதுல சரியா விழணுமேன்னு அவர் முட்டியோட முட்டி இடிக்கிற மாதிரி உக்காந்து காதை நீட்டினேன். உடனே குடுத்துட்டாரு! முன்னால போனவனுக்கெல்லாம் எவ்வளவு நேரம்! நான் கால்ல விழுந்துட்டு ஓடி வந்துட்டேன்."

நான் போட்ட சத்தத்தில் ஓடிவந்து பக்கத்தில் நின்ற எங்கள் மேஸ்திரி மண்டோருக்கும் விஷயம் புரிந்துவிட்டது. "டேய், இத அவன்கிட்ட சொல்லலேன்னா எனக்குச் சோறு எறங்காதுடா" என்று துடித்தார்.

"சொல்லிப் பாருங்க. இந்த ஸ்பானராலயே ஒங்க பல்லக் கழட்டுறேன். மறுபடி ஓட ஆரம்பிச்சான்னா வேலையும் போயிரும், புத்தியும் போயிரும்."

மண்டோர் அடங்கினார். அவருக்குப் பல் முக்கியம்.

எத்தனை நாள் காப்பாற்றுவது? சுதந்திரக் கொண்டாட்டம் வந்தது. வாசலுக்கு வாசல் எண்ணெய் விளக்கு, காகித விளக்கு. ஊருக்கெல்லாம் சந்தோஷம், கிராணிக்கு நரகம். தெருவெல்லாம் கூட்டம், சைக்கிள் ஓட்ட முடியாது என்று மாலையில் ஒரே பஸ்ஸில் வீடு திரும்பினோம். அவருக்கு ஜன்னலோரம் இடம் கிடைத்தது, நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வெளியே ஒவ்வொரு விளக்காகப் பார்த்தவருக்கு வியர்த்துக் கொட்டியது. கண்ணை மூடிக்கொண்டு உரக்க ஆரம்பித்துவிட்டார்.

"தல்லி உக்காரு! தல்லி உக்காரு!"

பக்கத்தில் கூடையோடு நசுங்கிக்கொண்டிருந்த அம்மா வெடித்தாள். "எங்கய்யா தள்ளி உக்கார்றது? டிரைவர் மடியிலயா? நீ மலை மாதிரி குந்திக்கிட்டு என்னைத் தள்ளிக்கச் சொல்றியா?"

பஸ்ஸே சிரித்தது.

கிராணி என்னை நிமிர்ந்து பார்த்தார். "அந்தம்மாவுக்கு என் மந்திரம் எப்படித் தெரியும்?"

எனக்குப் பொய் வராது. மலாயில் அர்த்தத்தைச் சொல்லிவிட்டு, எழுந்து ஓடிவிடுவாரோ என்று வழியை மறித்து நின்றேன். அவர் எழவில்லை. விளக்குகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"போன்னு அர்த்தம் இல்லையா?"

"இல்ல. கொஞ்சம் எடம் விட்டு உக்காருன்னு."

"பாதுட்லா," என்றார். அதானே பார்த்தேன் என்று அர்த்தம். "அந்தச் சந்தேகம் போகவே இல்ல. இத்தனை நாளும் பக்கத்துலயேதான் இருந்துச்சு. ஆனா எடம் விட்டுச்சு."

பிறகு அந்த அம்மாவைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, ஜன்னலோடு ஒட்டிக்கொண்டு முடிந்த மட்டும் நகர்ந்தார். இறங்கி ஓடவில்லை. அதன் பிறகும் அதே மந்திரம்தான், அதே ஸ்டோர்தான், ஓய்வு பெறும்வரை.

கிராணி போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆகின்றன. என் வீட்டுக்காரியும் போய்விட்டாள். மனசு அமைதிக்கு மந்திரம் சொல்லுங்கள் என்று ஆளாளுக்கு வந்து ஒன்றைக் கற்றுக்கொடுக்கிறார்கள். எதுவும் எனக்கு ஒட்டவில்லை. சாயங்காலம் வாசல் பெஞ்சில் உட்கார்ந்தால், அவள் இல்லை என்பது வந்து நெஞ்சின்மேல் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. அப்போது கண்ணை மூடிக்கொண்டு சொல்கிறேன். "தல்லி உக்காரு." கிராணி சொன்ன மாதிரியே சொல்ல வேண்டும். சுத்தமான தமிழில் சொன்னால் அது கேட்பதில்லை.

சொல்லும்போது நானும் பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்துகொள்கிறேன். கிராணி பருமனான ஆள்.