வாஷிங் மெஷின் மேல் சிப்பிக் குஞ்சுகள்

அன்பு மகளுக்கு அப்பா எழுதிக்கொள்வது. நானும் உன் அம்மாவும் சௌக்கியம். நீயும் சௌக்கியமாகத்தான் இருப்பாய், இதைப் படித்து முடிக்கும்வரை. போனில் சொல்லத் தைரியம் வராததால் எழுதுகிறேன். தயவுசெய்து உட்கார்ந்துகொண்டு படிக்கவும்.

நான் விடாமல் நச்சரித்ததால்தான் மாநாட்டுக்குப் போகும்போது உன் சிப்பிக் குஞ்சுகளை என் பொறுப்பில் விட்டாய். ஒரு ஜாடியில் மோட்டார் தண்ணீரைக் கலக்கிக்கொண்டே இருக்க வேண்டும், இன்னொன்று அசையவே கூடாது, தண்ணீர் கொந்தளித்தால் குஞ்சுகள் நீந்துவதை விட்டு அடியில் இறங்கிப் பழைய சிப்பி ஓட்டுத் துண்டில் ஒட்டிக்கொள்கின்றனவா என்பதுதான் ஆராய்ச்சி, ஒட்டிவிட்டால் ஆயுசுக்கும் நகராது, இதில் தப்பு நடந்தால் டாக்டர் பட்டம் தள்ளிப்போகும் என்று படித்துப் படித்துச் சொன்னாய். எல்லாம் மண்டையில் ஏறியது. ஆனால் நான் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவன். நின்றுகொண்டு வருகிற பயணி தள்ளாடினாலே எனக்கு மனசு கேட்காது. கண்ணுக்கே தெரியாத பச்சைப்பிள்ளைகள் சுழன்று சுழன்று தவிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து எப்படிச் சாப்பிடுவது? மோட்டாரின் வேகத்தைக் கொஞ்சூண்டு குறைத்தேன். "நீங்க பஸ்ஸுல குலுக்காத குலுக்கலா? இதுங்க மேல மட்டும் என்ன இரக்கம்? கைய எடுங்க!" என்று உன் அம்மா அதட்டினாள். பதறிப்போய்த் திருகியதில் வேகம் எக்கச்சக்கமாகக் கூடி, தண்ணீர் சாப்பாட்டு மேசையெல்லாம் தெறித்தது. துணியால் துடைத்த பிறகுதான், ஐயோ, துணியில் குஞ்சு இருக்குமே என்று உறைத்தது. உடனே ஜாடியில் பிழிந்துவிட்டேன். எந்த ஜாடியில் என்று கேட்காதே. சுழல்கிற ஜாடியில் கைவிடப் பயமாக இருந்தது.

அசையாத ஜாடியையாவது என்னிடமிருந்து காப்பாற்றலாம் என்று உன் அம்மா அதைத் தூக்கி வாஷிங் மெஷின் மேல் வைத்தாள். மறுநாள் அவளே மறந்துபோய்த் துணியைப் போட்டு ஓடவும் விட்டாள். துணி பிழிகிற கட்டத்தில் அந்த மெஷின் போடுகிற ஆட்டம் உனக்குத் தெரியும். ஓடிப்போய் ஜாடியைக் கட்டிப்பிடித்தேன். நானும் சேர்ந்து ஆடினேனே தவிர அது நிற்கவில்லை. பிறகு பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால், அடியில் கிடக்கும் ஓட்டில் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள். எல்லாம் ஒட்டிவிட்டன, அசையக்கூடாத ஜாடியில்! கலங்குகிற ஜாடியில் ஒன்றுகூட இல்லை. உன் ஆராய்ச்சியையே தலைகீழாக்கிவிட்டேன். "அவகிட்ட நீங்களே சொல்லிக்கோங்க" என்று உன் அம்மா கழன்றுகொண்டாள். எனக்குச் சோறு இறங்கவில்லை.

எங்களைத் திட்டித் தீர்த்த பிறகாவது மன்னித்து, நீண்ட ஆயுளும் அதைவிட நீண்ட பொறுமையும் பெற்று வாழ்க.

இப்படிக்கு,
உன் படிப்பில் மண்ணைப் போட்ட அப்பா

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும்போது உன்னோடு ஆராய்ச்சி செய்கிற தோழி வந்தாள். நடந்ததைச் சொன்னேன், அழாத குறைதான். அவளோ விழுந்து விழுந்து சிரிக்கிறாள். "அங்கிள், இது வெறும் உப்புத் தண்ணி. குஞ்செல்லாம் லேப்ல என்கிட்ட பத்திரமா இருக்கு. அப்பா கை வைக்காம இருக்க மாட்டாருன்னு அவதான் இப்படிப் பண்ணினா." அந்த வெள்ளைப் புள்ளிகள், உன் அம்மா மெஷினில் போடும்போது ஜாடிக்குள் சிந்திய சலவைத்தூளாம். போன உயிர் திரும்பி வந்தது. கொஞ்ச நேரம் கழித்து வருத்தமாக இருந்தது. பெற்ற அப்பனையே நம்பவில்லையே நீ! ஆனாலும் மோட்டாரை நான் அணைக்கவில்லை. அவளிடம் இருப்பதுதான் நிஜக் குஞ்சு என்று என்ன நிச்சயம்? நீ அவளையும் நம்பாமல் இருந்திருக்கலாம்.