இருபதாவது பெயர்

தாராவி,
வெள்ளிக்கிழமை.

மரியாதைக்குரிய மச்சான் அவர்களுக்கு, ஜஹாங்கீர் எழுதிக்கொண்டது. அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் தங்கை சுலைகாவும் நானும் உயிரோடு இருக்கிறோம். நலம் என்று எழுத இந்த வாரம் கை வரவில்லை. உங்கள் எல்லோருடைய நலத்துக்கும் துஆ செய்கிறோம்.

என் மகன் ராஹில் விஷயத்தை ஊரில் வேறு மாதிரிச் சொல்வார்கள், நடந்தது இதுதான். எங்கள் பேட்டை அமைதிக் கமிட்டித் தலைவர் பிரம்மநாயகம் என் தோல் பட்டறைக்கு வந்து, "இளவட்டங்க தீவிரவாதத்துல போயிராம இருக்க கவர்மெண்டு பயிற்சி நடக்கு வேய். இருவது பேரு காட்டணும், பத்தொம்பதுதான் தேறுது. உம்ம மவன அனுப்பும். மத்தியானம் பிரியாணி, சாயங்காலம் சர்டிபிகேட்டு" என்றார். "எனக்கு என்னத்துக்கு வாப்பா?" என்று கேட்டவனை, பிரியாணி தின்ன வலிக்கிறதா என்று நான்தான் பிடரியில் தட்டி அனுப்பினேன். மூன்று முத்திரை குத்திய சான்றிதழோடு வந்தான். அன்றைக்கே சயானுக்குப் போய் லேமினேஷன் செய்தேன். செம்பூரில் ஒரு கம்பெனி ஏசி மெக்கானிக் வேலைக்குக் கூப்பிட்டபோது, "இத மட்டும் வைக்காதீங்க வாப்பா" என்றான். சர்க்கார் முத்திரை உள்ள காகிதத்தை வைக்காமல் வேறு எதை வைப்பதாம் என்று ஃபைலில் முதலாவதாக அதையே வைத்தேன். அதைப் படித்த மேனேஜர், தண்ணீர் வேண்டுமா தம்பி என்று அன்பாகக் கேட்டுவிட்டு எழுந்து போனாராம். வந்தது தண்ணீர் இல்லை, போலீஸ். "தீவிரவாத எண்ணத்திலிருந்து மீட்கப்பட்டவர்" என்று இங்கிலீஷில் போட்டிருக்கிறது மச்சான்.

"சாப், அவன் மீண்டவன் இல்லை, பிரியாணிக்குப் போனவன்" என்று ஸ்டேஷனில் எனக்குத் தெரிந்த இந்தியில் கெஞ்சினேன். மீண்டான் என்றால் முன்னால் போயிருக்கத்தானே வேண்டும் என்றார் அதிகாரி. ஆளை விட்டுவிட்டார்கள், பெயரை விடவில்லை. வாரம் இரண்டு தரம் மஃப்டியில் வந்து விசாரிக்கிறார்கள். சுலைகாவிடம் டீயில் சர்க்கரையைக் குறைக்கச் சொல்லும் அளவுக்குப் பழகிவிட்டார்கள். ராஹில் சோறு தின்பதில்லை, யாரோடும் பேசுவதில்லை, கதவைச் சாத்திக்கொண்டு கிடக்கிறான். பயிற்சியில் தமிழில் ஒரு நோட்டீஸ் கொடுத்திருந்தார்கள், கெட்டுப்போகிற பையன்களின் அடையாளங்கள் என்று. போகும்போது அவனிடம் அதில் ஒன்றுகூட இல்லை. இப்ப எல்லாமே இருக்கு. பெத்த புள்ளையப் பாக்கவே பயமா இருக்கு மச்சான்.

ஆகையால் யார் வந்து என்ன சொன்னாலும், நம் வீட்டுப் பிள்ளைகள் பெயரை எந்தக் காகிதத்திலும் எழுத விடாதீர்கள்.

மதினிக்கு சலாம். அல்லாஹ் உங்கள் பிள்ளைகளைக் கண்ணேறு படாமல் காப்பானாக.

இப்படிக்கு,
உங்கள் தங்கை மாப்பிள்ளை
ஜஹாங்கீர்

பின்குறிப்பு: இதை எழுதி மூன்று நாள் தபாலில் போடாமல் வைத்திருந்தேன். இடையில் பிரம்மநாயகம் வந்தார். பட்டியலிலிருந்து ராஹில் பெயரை எடுத்தால் இன்னொரு பெயர் கொடுக்க வேண்டுமாம், இருபது குறையக் கூடாதாம். இங்கே பாண்டுப்பில் வேலை பார்க்கும் உங்கள் மகன் இஜாஸின் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டேன். என்னை மன்னிக்க வேண்டாம் மச்சான். ராஹில் இன்று காலை சாப்பிட்டான்.