பிரித்துப் பார்த்த இ-சிம்

கையால் தொட முடியாத பொருளை என்னைப் போன்ற ஆளை நம்பி வாங்கச் சொல்லக் கூடாது. ஆனால் எங்கள் வீட்டில் வாங்கச் சொன்னார்கள்.

மகள் யாழினி மேற்படிப்புக்காக ஜெர்மனி கிளம்பினாள். இறங்கியதும் அவள் போன் வேலை செய்ய வேண்டும். அதுதான் என் ஒரே கவலை (விசா, படிப்பு எல்லாம் அவள் கவலை).

"இ-சிம் போதும்பா."

"எப்பம்மா கைக்கு வரும்?"

"கைக்கே வராதுப்பா. மெயில்ல ஒரு கியூஆர் கோடு வரும். அங்க இறங்கி ஸ்கேன் பண்ணிக்கினா முடிஞ்சுது."

அட்டையே இல்லாத சிம்! காஞ்சிபுரத்தில் பட்டுக்கடை வைத்திருப்பவனுக்கு அன்றிலிருந்து தூக்கம் போயிற்று. எத்தனை ஜிபி, எத்தனை நாள், தீர்ந்தால் மறுபடி ஏற்றலாமா, பேசவும் முடியுமா, வெறும் டேட்டாதானா? முகூர்த்தப் புடவை எடுக்க வரும் கல்யாண வீட்டார்கூட இவ்வளவு குடைந்ததில்லை. கடைசியில் ஐரோப்பா முழுவதற்குமான ஒரு திட்டத்தை வாங்கினேன். பெண் தவறிப்போய் பக்கத்து நாட்டில் இறங்கிவிட்டாலும் வேலை செய்யுமே!

கோடு வந்தது. சின்னச் சின்னக் கறுப்புக் கட்டங்கள். இதற்குள் எப்படி ஒரு சிம் இருக்கும்?

எங்கள் கடையில் ஒரு வழக்கம். உடல், கரை, முந்தானை என்று முழுக்கப் பிரித்துப் பார்க்காமல் எந்தப் புடவையும் வெளியே போகாது. பார்த்த பின் அதே மடிப்பில் மடித்துவிடுவோம். பெற்ற பெண்ணுக்குப் போகும் சரக்கைப் பார்க்காமல் அனுப்பலாமா? என் போனில் ஸ்கேன் செய்தேன். அழகாக ஏறியது. சரக்கு சுத்தம். திருப்தியோடு அதை நீக்கினேன் (மடித்து வைத்துவிட்டேனாம்). கியூஆர் கோடை அச்செடுத்து, மூலையில் மஞ்சள் தடவி, அவள் கைப்பையில் வைத்தேன்.

மறுநாள் விமானம் இறங்கிவிட்டதாக இணையம் சொன்னது. யாழினியிடமிருந்து ஒரு வார்த்தை இல்லை. வாட்ஸ்அப்பில் ஒற்றை டிக். "புள்ள எங்க நிக்குதுன்னே தெரியலியேங்க" என்று மனைவி செல்வி கடைக்கே வந்துவிட்டாள். விரித்த புடவையை மடிக்கக்கூட எனக்குக் கை வரவில்லை.

ஒருவழியாக வாட்ஸ்அப்பில் அழைப்பு வந்தது.

"அப்பா, இந்த கோடை ஏற்கெனவே யூஸ் பண்ணிட்டாங்கன்னு வருதுப்பா! ஒரு தெலுங்கு அக்கா ஹாட்ஸ்பாட் குடுத்தாங்க, அதுலதான் பேசினு இருக்கேன்."

"மஞ்சள் வெச்சதாலயாம்மா?"

"ஒரு போன்லதான்பா ஏறும். நீ ஸ்கேன் பண்ணியா?"

"சும்மா பிரிச்சுப் பார்த்தேம்மா. உடனே மடிச்சு வெச்சிட்டேன்."

அந்தப் பக்கம் இரண்டு பெண்கள் சிரிக்கும் சத்தம். அந்த அக்காவுக்குத் தமிழும் தெரியும் போலிருக்கிறது.

செல்வி சிரிக்கவில்லை. "நல்லவேளை, பிளைட்ட பிரிச்சுப் பாக்கல நீங்க!"

அந்த ஹாட்ஸ்பாட்டிலேயே யாழினி வேறு இ-சிம் வாங்கிக்கொண்டாள்.

போன மாதம் விடுமுறைக்கு வந்தவள் ஒரு சாக்லேட் பெட்டியை நீட்டினாள். திறந்தேன். வரிசையில் ஒரு குழி காலி.

"பிரிச்சுப் பாக்காம எப்படிப்பா வெளிய அனுப்புறது?" என்றாள்.