சமையலறையிலிருந்து ஓர் இணைப்பு

"ஆபீஸ் வேலைன்னா ஆபீஸ்ல உட்கார்ந்துதான் பாக்கணும்!" என்று வீட்டில் சட்டம் போட்டிருந்தார் கணவர். அவருடைய வேலையோ, ஊழியர்கள் எங்கிருந்தாலும் கைபேசி வழியாகவே அலுவலக நெட்வொர்க்குக்குள் பத்திரமாக நுழைய வழி செய்து தருவது! பாத்திரம் விளக்க ரகசிய எண் எதுவும் வேண்டாம், யார் வேண்டுமானாலும் நுழையலாம். கணவன்மார்கள் மட்டும் ஏன் நுழைவதில்லை?

சனிக்கிழமைதோறும் மனைவிக்குத் துணி, பாத்திரம். ஆபீஸ் என்று சொல்லிக் கிளம்பும் இவருக்குப் பூங்கா பெஞ்சு. பத்து நிமிட வேலை, இரண்டு மணி நேரத் தூக்கம்.

அந்தச் சனிக்கிழமை விழித்துப் பார்த்தால் கைபேசியைக் காணோம்.

ஊருக்கெல்லாம் பூட்டு போடச் சொல்கிறவர், தன் கைபேசிக்குப் பூட்டே போடவில்லை. எடுத்தவன் கையில் மொத்த அலுவலகமும்! திங்களன்று வேலை காலி. இணைப்பைத் துண்டிக்க வீட்டுக் கணினிதான் கதி. ஓட்டமாய் ஓடினார்.

"என்னங்க, ஆபீஸ் ஏசி வேலை செய்யலையா? இப்படி வேர்க்குது?"

"கம்ப்யூட்டரை எடுடி! போன் போச்சு!"

"இதோ இருக்கே. கனெக்‌ஷனையும் கட் பண்ணிட்டேன்."

"நீயா? எப்படி?"

"ஆறு மாசம் முன்னாடி, சும்மா டெஸ்ட் பண்ணன்னு, புது இடத்துலேர்ந்து கனெக்ட் ஆனா சம்மதம் கேக்குற ரெண்டாவது நம்பரா என் நம்பரைக் குடுத்தீங்களே. அதை நீக்கவே இல்ல போல. 'அஞ்சாம் தெருவிலிருந்து இணைகிறார், புது இடம், சம்மதமா?'ன்னு கேட்டுச்சு. தூங்குற நேரத்துல உங்களுக்கு அங்க என்ன வேலைன்னு 'இல்லை'ய அமுக்கினேன். போன் பண்ணா ஒரு பெரியவர் எடுத்தார். தன்னோடதுன்னு நினைச்சுத் தூக்கிட்டுப் போயிட்டாராம். பாவம், கொண்டுவந்து குடுத்துட்டும் போயிட்டார்."

கணவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அப்படியே நாற்காலியில் சாய்ந்தார். சாய்ந்த பிறகுதான் உறைத்தது.

"தூங்குற நேரமா?"

"முதல் தடவை பூங்காவுக்கும் சம்மதம் கேட்டுச்சே! அலுத்துப்போயிருப்பீங்கன்னு குடுத்தேன். பத்தே நிமிஷத்துல வேலை முடிஞ்சிடுதுன்னும் வாராவாரம் மெசேஜ் வருது."

கணவருக்கு வேலை தப்பியதே பெரிது!

அடுத்த சனிக்கிழமை மனைவி ஊஞ்சலில் ஆடிக்கொண்டிருந்தாள். கைபேசி சிணுங்கியது: 'வீட்டிலிருந்து இணைகிறார். புது இடம். சம்மதமா?'

சமையலறைத் தொட்டியை எட்டிப் பார்த்தாள். கணவர் விளக்க இன்னும் நாலு பாத்திரம் பாக்கி.

'இல்லை'யை அமுக்கினாள்.