பூனையும் வாளியும்

“பூனை எங்கே?” என்று கேட்டது கணினி.

திரையில் இரண்டே படங்கள்: ஒரு பூனை, ஒரு வாளி. சிட்டு வாளியைப் பார்த்தாள்.

“தவறு” என்றது கணினி. அப்பா தலையில் அடித்துக்கொண்டார். சிட்டு உடம்பு குலுங்கச் சிரித்தாள்.

அவளுக்கு எட்டு வயது. கை, கால், நாக்கு மூன்றும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. கண் மட்டும் கேட்கும். அந்தக் கண் எதைப் பார்க்கிறதோ அதையே பதிலாக எடுத்துக்கொள்ளும் கணினி இது. அவள் படிக்கும் சிறப்புப் பள்ளி இருபது நாளைக்குக் கொடுத்திருந்தது. தினம் இருபது கேள்வி, ஒவ்வொன்றுக்கும் இரண்டு படம். ஒரு நாளாவது பதினைந்து சரியாக வந்தால் கணினி அவளுக்கே. இல்லையென்றால் வரிசையில் நிற்கும் அடுத்த குழந்தைக்கு. இன்று கடைசி நாள்.

அப்பா ஃப்ரிட்ஜ் மெக்கானிக். எது ஓடாவிட்டாலும் கோளாறு மெஷினில்தான் என்பது அவர் கட்சி. ஜன்னலைச் சாத்தி வெளிச்சத்தைக் குறைத்தார். தவறு. நாற்காலியைக் கொஞ்சம் உயர்த்தினார். தவறு இன்னும் சீக்கிரமாக வந்தது. படங்களை இடம் வலம் மாற்றிப் போட்டார். சிட்டுவின் பார்வையும் வாளியோடு கூடவே இடம் மாறியது. கடைசியில் கணினிக்குப் பின்னால் தவழ்ந்து போய், பூனைப் பக்கம் தலையை நீட்டி “மியாவ்” என்றார்.

சிட்டு அவரைப் பார்த்தாள். பிறகு நிதானமாக வாளியைப் பார்த்தாள்.

“ஏங்க, அவளைக் கொஞ்ச நேரம் சும்மா விடுங்களேன். சிரிச்சுச் சிரிச்சு விக்கல் வந்துடுச்சு” என்றாள் அம்மா.

“சிரிக்கிறாளே, அதான்டி பயமா இருக்கு. கேள்வியே புரியலையோ?”

எட்டு வருஷமாக அவர் வயிற்றில் கிடந்த பயம் அது. தினமும் வேலை முடிந்து வந்து, யார் வீட்டு ஃப்ரிட்ஜ் என்ன பாடு படுத்தியது என்று அவளிடம் ஒன்றுவிடாமல் சொல்வார். அதெல்லாம் சுவரிடம் பேசிய பேச்சா? அது தெரியாமல் இந்தக் கணினியை அனுப்ப அவருக்கு மனசு வரவில்லை.

நாலு மணிக்கு, பெட்டி கட்டிக் கொண்டுபோகப் பள்ளியிலிருந்து ஆள் வந்தார். வந்தவர் முதலில் கணினியைச் சோதித்தார்.

“மெஷின் நல்லாத்தான் இருக்கு சார். பாப்பா பார்க்கிற இடத்துலயே கரெக்டா புள்ளி விழுது.”

அப்பா தரையில் உட்கார்ந்துவிட்டார். “அப்போ கோளாறு…” என்று சிட்டுவைப் பார்த்தார்.

வந்தவர் இருபது நாள் மதிப்பெண்களைத் திரையில் ஓட்டிப் பார்த்தார். வயரைச் சுற்றிக்கொண்டிருந்த கை நின்றது. மறுபடி முதலிலிருந்து ஓட்டினார்.

“நானூறு கேள்வி. ஒண்ணுகூடச் சரியில்லையே!”

“தெரியும். நீங்க வேற அதைச் சொல்லிக்காட்டணுமா?”

வந்தவர் சிட்டுவைத் திரும்பிப் பார்த்தார். அவள் சட்டென்று கூரையைப் பார்த்தாள்.

“சார், சும்மா எங்கேயோ வெறிச்சுப் பார்த்திருந்தாலே பாதி சரியா விழுந்திருக்கும். நானூறும் தப்பா விழணும்னா, நானூறுக்கும் பதில் தெரிஞ்சிருக்கணுமே!”