குதிகால் வலிப் படலம்

குழாய்க்கடைக் கோமான் வாழ்க. அரையங்குலம் முதல் ஆறங்குலம் வரை அத்தனை குழாய்களையும் அடக்கி ஆண்டவர், அடைப்பு என்று காதில் விழுந்தாலே புலியெனப் புறப்படுபவர், எவர் முன்னும் தலை குனியாத குடும்பத்தின் மூத்த தூண். அத்தகைய பெருமகனார் வெயிலே எட்டாத மருத்துவமனைத் தாழ்வாரத்தில் கறுப்புக் கண்ணாடி அணிந்து, நாளிதழைக் கேடயமாகப் பிடித்து அமர்ந்திருந்த வரலாற்றை, குடும்ப மானத்துக்குக் குந்தகம் வராத வகையில் உரைக்கிறோம்.

கோமானுக்கு வந்திருந்தது விறைப்புக் குறைபாடு. ஊராரின் நீரோட்டத்தையெல்லாம் சீர்செய்தவரின் சொந்த உடலில் ரத்த ஓட்டம் சுணங்கிவிட்டது. இல்லத்தரசி ஒரு குறையும் சொல்லவில்லை. ஆயினும் விளக்கணைந்த பின் அவர் சொல்லும் "பரவாயில்ல, தூங்குங்க" என்பது ஆயிரம் வேல்களினும் ஆழமாகத் தைத்தது.

மருத்துவர் முன்பே வழி சொல்லியிருந்தார். "ரத்தக்குழாய் சுருங்கினதுதான் உங்களுக்குக் காரணம். கத்தியும் இல்ல, மயக்க மருந்தும் இல்ல. அதிர்வலைங்கற லேசான ஒலி அலையால அந்த இடத்துல தட்டித் தட்டி, புதுசா சின்னச் சின்ன ரத்தக்குழாய் வளரத் தூண்டிவிடுவோம். சில வாரம் வரணும். எல்லாருக்கும் பலிக்கும்னு சத்தியம் பண்ண மாட்டேன்." புதுக் குழாய் என்றதுமே கோமான் சம்மதித்துவிட்டார்.

போர்க்களத்தின் அமைப்பைக் கேளீர். தாழ்வாரத்தின் இடப்புறக் கதவுக்குள் எலும்பு மருத்துவம். வலப்புறக் கதவுக்குள் ஆண்களுக்கான மருத்துவம். இரண்டிலும் அதிர்வலைக் கருவி உண்டு. ஒன்று குதிகால் வலிக்கு. மற்றது மற்றதற்கு.

அவ்வேளை, கடல் பிளந்து எழுந்த மலைபோல் வாசலில் தோன்றினார் இன்னொரு கறுப்புக் கண்ணாடிக்காரர். ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியின் அதிபர். கோமானின் ஒரே மகளை மருமகளாகக் கொண்டவர்.

"சம்பந்தி, நீங்க எங்க இந்தப் பக்கம்?"

"குதிகால் வலி," என்றார் கோமான். "அதிர்வலை வைக்கச் சொன்னாங்க."

"அட, எனக்கும் அதேதான்."

வலக்கதவு திறந்தது. "அடுத்து யாருங்க?" என்றார் செவிலியர். இரு மலைகளும் அசையவில்லை. கோமானின் நாளிதழ்க் கேடயம் மட்டும் நெற்றி வரை உயர்ந்தது. "டாக்டர் இன்னும் கொஞ்ச நேரத்துல கிளம்பிடுவாரு. அப்புறம் அடுத்த வாரம்தான்." கதவு மூடியது. இன்னும் ஒரு வாரத்துக்கு இல்லத்தரசியின் "பரவாயில்ல" கோமானின் கண்முன் நிழலாடியது.

அந்தோ, இப்போது இடக்கதவு திறந்தது. "குதிகால் வலிக்கு யாரு?"

"போங்க சம்பந்தி. முதல்ல வந்தது நீங்கதானே."

"மாப்பிள்ளை வீட்டுக்காரர் இருக்கும்போது நான் முந்தலாமா? நீங்க போங்க."

"வழி விடக் கத்துக்கொடுக்கறதுதான் என் தொழிலே. போங்க."

பழுதற்ற இரு குதிகால்களோடு, பகைவர் கோட்டைக்குள் தனியே புகும் தளபதியென நுழைந்தார் கோமான். உள்ளே சிகிச்சையாளரான பெண்மணி குதிகாலை அழுத்தினார். "இங்க வலிக்குதா?" வலித்தது என்றார். "இங்க?" அங்கும் வலித்தது என்றார். "அங்க நான் இன்னும் தொடவே இல்லைங்களே," என்றவர் கையைத் துடைத்துக்கொண்டார். "எதிர்க்கதவுக்குப் போங்க ஐயா. குதிகால்னு சொல்லிட்டு இங்க வர்றவங்கள்ல பாதிப்பேர் அங்க போக வேண்டியவங்கதான்."

வெளியே வந்த கோமான் கண்டது வெற்று நாற்காலி. வலக்கதவுக்கு அப்பாலிருந்து டக் டக் டக் என்று, சின்னஞ்சிறு குதிரைப்படை கடப்பது போன்ற ஒலி. வழிவிடும் வள்ளல் வரிசையைக் கைப்பற்றிவிட்டார்.

கோமான் எரிமலையாகக் கனன்று கதவருகே காத்து நின்றார். கதவு திறந்தது. சம்பந்தி இடுப்புவாரை இறுக்கியபடி வந்து சிலையானார். இரு குடும்பங்களின் மானமும் அந்த ஒரு சாண் இடைவெளியில் ஊசலாடியது.

"குதிகாலுக்கு இங்கயும் பாக்கறாங்க," என்றார் சம்பந்தி.

கோமான் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். "வலிக்குதா?"

சம்பந்தியும் கழற்றினார். "இல்ல. களிம்பு தடவறாங்க, அதுதான் சில்லுனு இருக்கு. டாக்டர் இன்னும் போகல. சீக்கிரம் போங்க, நான் இருக்கேன்."

கோமான் உள்ளே புகுந்தார். அலைப்படை அணியணியாய் இறங்கியது. சுணங்கிய நிலத்தில் புதுக் கால்வாய் வெட்டும் கோடானுகோடி மண்வெட்டிகளென அது மெல்லத் தட்ட, கூரையைப் பார்த்துப் படுத்திருந்த கோமான் தன் வாழ்வில் முதன்முறையாக இன்னொருவர் கைக்குக் குழாய் வேலையை விட்டுக்கொடுத்தார்.

"வீட்டுல என்ன சொல்றது?" என்றார் வெளியே வந்து.

"குதிகால்னுதான் சொல்லி வச்சிருக்கேன். இனிமே கொஞ்சம் நொண்டணும் சம்பந்தி."

அவ்வண்ணமே ஒருவர் இடக்காலும் மற்றவர் வலக்காலும் நொண்ட, உலகம் உள்ளளவும் உடையாத உடன்படிக்கையை மௌனத்தால் முத்திரையிட்டு, தோளோடு தோள் உரச, வாகை சூடிய இரு வேழங்களென அவ்விரு பெருந்தகையரும் வீதியில் இறங்கினர்.

அடுத்த வாரம் இரண்டு பேரும் ஒரே ஆட்டோவில் வந்தார்கள்.