ரயில் அண்ணன் புகையை விட்ட கதை

மலேசியாவின் கேமரன் மலைக்கு ரயில் கிடையாது. அந்தக் குறையைத் தனி ஆளாகத் தீர்த்து வைத்தவர் எங்கள் தேயிலைத் தோட்டத்து ரயில் அண்ணன். கொழுந்து வெட்டும் மெஷினை இரண்டு பேர் பிடிக்க வேண்டும். ஒரு முனையில் அவர், மறு முனையில் நான். சரிவில் முதலில் புகை வரும், பிறகு இருமல், அதற்கப்புறம்தான் அண்ணன் வருவார்.

தொண்டையில் புற்றுநோய் என்று ஈப்போ ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். மலைக்குத் திரும்பி, தானா ராத்தா ஊரில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் அண்ணன் செய்த முதல் காரியம், ஒரு சிகரெட்டைப் பற்ற வைத்தது.

“அண்ணே, டாக்டர் நிறுத்தச் சொன்னாருலா!” நோய் அவருக்கு, பதறியது கூடப் போன நான்.

“அவரு சொன்னதுலதான்டா பயமே. பயத்துக்கு இத விட்டா வேற என்னா இருக்கு?”

அவர் மனைவி சரசக்கா விடுவாரா? அரிசி டின் வரை சோதனை. உடனே அண்ணனுக்குப் பக்தி பிறந்தது. தோட்டத்து முனியாண்டிக்குச் சுருட்டு வைப்பது எங்கள் வழக்கம். அண்ணன் வேளை தவறாமல் வைத்தார். வைத்துவிட்டு, காற்று அடிக்கும் பக்கம் போய் நின்று, கண்ணை மூடி, மூச்சை நெஞ்சு நிறைய இழுத்துக் கும்பிடுவார். காற்று மாறினால் பக்தியும் இடம் மாறும்.

அக்கா கையும் களவுமாகப் பிடித்தார். “சாமி சுருட்ட பாதிக்கு மேல இவரே இழுத்துட்டாருலா!”

அண்ணன் சண்டைக்குப் போகவில்லை. சாமி முன்னாலேயே உட்கார்ந்து அழுதார்.

அடுத்த முறை ஆஸ்பத்திரியில் நர்ஸ் சொன்னார்: “பயத்த உள்ளயே வச்சிருந்தா கை சிகரெட்டத்தான் தேடும் அங்கிள். பயம் வந்தா பக்கத்துல இருக்கறவங்ககிட்ட சொல்லிடுங்க.”

எங்கள் மலையில் பக்கத்தில் இருப்பவர் என்றால் எதிர்ச் சரிவில் இருப்பவரும் சேர்த்திதான். மறுநாளே ஓர் அலறல்: “எனக்குப் பயமா இருக்குதுலா!”

வேலையை மேற்பார்க்கும் மண்டோர் கம்போடு ஓடி வந்தார். “எங்க பாம்பு?”

“பாம்பு இல்லலா, கேன்சர்!”

“அதுக்கு எங்கிட்ட கம்பு இல்லையே அண்ணே!”

எதிர்ச் சரிவிலிருந்து அக்கா கத்தினார்: “இருந்துட்டுப் போவுது! தேத்தண்ணி குடிங்க!”

அதன் பிறகு தினமும் இதே கச்சேரி. தோட்டத்தில் வேலை பார்க்கும் வங்காளதேசத் தம்பிகள் கற்ற முதல் தமிழே ‘பயமா இருக்குதுலா’ தான். சுற்றுலா வந்தவர்கள் ஏதோ தேயிலைப் பாட்டு என்று படம் பிடித்துக்கொண்டு போனார்கள். கத்தக் கத்த சிகரெட் குறைந்தது. ஒரு கட்டத்தில் நின்றே போனது.

ஆனால் கதிர்வீச்சுச் சிகிச்சை அண்ணனின் குரலை அடக்கிவிட்டது. எனக்குத் தூக்கம் போயிற்று. கத்த முடியாத மனிதர் மறுபடி பற்ற வைத்துவிட்டால்?

நோய் போனதா இல்லையா என்று டாக்டர் சொல்லும் நாளுக்கு முந்தின நாள். வீட்டில் இருக்க முடியாமல் அண்ணன் சரிவுக்கு வந்து என் அருகில் நின்றார். வாயைத் திறந்தார், வெறும் காற்றுதான் வந்தது. கை சட்டைப்பையைத் தடவியது.

நான் மெஷினைக் கீழே வைத்துவிட்டு, தொண்டை கிழியக் கத்தினேன்: “அண்ணனுக்குப் பயமா இருக்குதுலா!”

“எங்களுக்குந்தான்!” என்றது மலை முழுக்க.

அண்ணன் பையிலிருந்து கையை எடுத்து என் தோள்மேல் போட்டார். வேலை கிடந்தது. அந்தக் கை எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் அங்கேயே இருக்கட்டும் என்று, நான் அசையாமல் நின்றேன்.